ஒரே தட்டில் இரண்டு பூனைகள்

புந்தோங்கில் எங்கள் வீட்டில் கருப்பி என்று ஒரு வயதான பூனை இருக்கிறது. அதற்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு குட்டியைக் கொண்டுவந்தோம்.

"ஒரே தட்டுல போடு லா, பாசம் தானா வந்துரும்," என்றார் என் வீட்டுக்காரர். நானும் அப்படியே வைத்தேன். குட்டி பாய்ந்து தின்னும். கருப்பி தள்ளிப் போய் உட்கார்ந்து பார்க்கும். "அக்கா மாதிரி விட்டுக்கொடுக்குது பாருங்க," என்று பக்கத்து வீட்டிலெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு நாள் கருப்பியைத் தூக்கியபோது முதுகெலும்பு கையில் குத்தியது. பயந்துபோய் கிளினிக்குக்கு ஓடி, ஒரே தட்டில் வைத்த கதையைச் சொன்னோம்.

"இது விட்டுக்கொடுக்கல அக்கா. குட்டிக்கு முன்னால சாப்பிடப் பிடிக்காம பட்டினி கெடந்திருக்கு. இன்னும் விட்டிருந்தா ஈரல் கெட்டுப்போயிருக்கும்," என்றார் டாக்டர்.

"பாசம் வந்துருச்சா?" என்று வழியெல்லாம் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

இப்போது குட்டிக்கு அறையில், கருப்பிக்கு அடுப்படியில் வைத்து, நடுவில் கதவைச் சாத்திவிடுகிறேன். குட்டி பிறாண்டிக்கொண்டு கத்துகிறது. "பாவம், தொறந்து விடேன்," என்கிறார் இவர். எனக்கு எரிச்சலாக வருகிறது. கருப்பியின் தட்டு காலியானதைக் கண்ணால் பார்க்காமல் நான் கதவைத் திறப்பதில்லை.