எந்தக் கொலிஜ், தம்பி?

பிரக்கிராசி, அதாவது வக்கீல், கந்தோரில் உத்தியோகம் என்றால் எல்லோரும் சட்டம் என்று நினைக்கிறார்கள். அதில் முக்கால்வாசி மை, மிச்சம் கால்வாசி நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் என்பது.

பள்ளிக்கூடம் விட்ட கையோடு வக்கீல் வாசலில் போய் நின்றவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. எனக்குப் பதினேழு வயது. அப்பா லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறார். நான் பதுளை மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்துவிட்டு, டவுனிலேயே பெரிய பிரக்கிராசி கந்தோரில் நகல் எழுதச் சேர்ந்தேன். நகல் எழுதுகிறவர்களில் ஒருவனைத் தை மாதம் நிரந்தரமாக எடுப்பார்கள். அவன் கந்தோர்த் துரையான பிரக்கிராசியிடமே சட்டம் படித்துத் தானும் பிரக்கிராசி ஆகலாம்.

பிரக்கிராசி ஆவதெல்லாம் பிறகு. எனக்கு அதைவிட அவசரம் ஒன்று இருந்தது. தங்கச்சி காமாட்சியைப் பதுளையில் பெண்பிள்ளைகள் விடுதியில் சேர்க்க வேண்டும். டவுனில் நிலையான உத்தியோகத்தில் இருக்கிற ஒருவர் பொறுப்பேற்றால்தான் தோட்டத்துப் பிள்ளையை எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். நான் நிரந்தரமானால் அவளுக்கு விடுதி. இல்லாவிட்டால் பெரட்டு, விடியுமுன் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் எழுந்து, வரிசையில் நின்று பேர் கொடுத்து, கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான்.

மேசைகள்

அந்தக் கந்தோரில் மேசை போட்டிருந்த வரிசையே ஒரு சட்டம். ஜன்னலோரம் கொழும்புக் கொலிஜ் பையன்கள். நடுவில் கண்டியும் யாழ்ப்பாணமும். கடைசியில், கட்சிக்காரர்கள் நனைந்த குடையைச் சாத்திவைக்கிற மூலையில், பதுளைப் பள்ளிக்கூடம், அதாவது நான்.

குடைத் தண்ணீர் என் தாளில் சொட்டி மை ஓடியது. மேசையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போடட்டுமா என்று தலைமைக் கிளாக்கரைக் கேட்டேன். யாழ்ப்பாணத்து மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "வேண்டாம் தம்பி, அங்கயே இரும். அந்த இடத்துக்கு ஆரும் உம்மோட சண்டைக்கு வரமாட்டினம்."

தேன்

கார்த்திகை மழையில் சவரிமுத்துவும் நகல் எழுத வந்தான். கொழும்புக்காரன். எங்கள் பறங்கித் துரை படித்த அதே கொலிஜ். துரை அவனை உள்ளே கூப்பிட்டார், கதவு திறந்தே கிடந்தது. வழக்கைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. எந்த வாத்தியார் இன்னமும் பிரம்பை மேசைமேல் வைத்திருக்கிறார், கொலிஜ் மாமரத்துக்குக் கல் எறிந்தால் யார் வீட்டு ஓடு உடையும், இதுதான் பேச்சு. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சவரிமுத்து கெட்டவன் இல்லை. வேலையையும் சுத்தமாகத்தான் செய்தான். அதனால் அவனை வெறுக்கக்கூட எனக்கு வழியில்லாமல் போனது.

அடுத்து நான். உன் பெரிய வாத்தியார் யார் என்று துரை கேட்டார். எங்கள் பாதிரியாரின் பேரைச் சொன்னேன். கண்ணை மூடி யோசித்தார். முகம் மலர்ந்தது. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. "ஓ, தேனீ வளர்க்கிற பாதிரியாரா? நல்ல தேன். போன கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டில் வாங்கினோம். சரி, நீ போகலாம்."

சேவல்

தோட்டத்தில் வேலை கேட்க ஒரே வழிதான்: கூலி ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணி தோட்டத்துத் துரையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்ததும் அந்த வழி ஒன்றுதான். நான் கூப்பிடவில்லை, பெரிய கங்காணியை அவராகவே கெஞ்சிக் கூட்டி வந்துவிட்டார். பெரிய கங்காணி கையில் வெற்றிலைத் தட்டு, அப்பா கக்கத்தில் செவலைச் சேவல். கந்தோர் வாசலுக்கு வந்ததும் அப்பா தலைப்பாகையை அவிழ்த்தார், குடையை மடக்கினார். துரை இருக்கிற இடத்தில் குடை பிடிக்கக் கூடாதாம். கொட்டுகிற மழையில் அப்படியே நின்றார். சேவல் கூவியது. ஜன்னலோரம் ஒரே சிரிப்பு.

தலைமைக் கிளாக்கர் வெளியே போனார்.

"நம்ம ஆளு மகனுங்க, ஐயா. நல்ல பய. நான் பொறுப்புங்க" என்றார் பெரிய கங்காணி.

"இஞ்ச கங்காணி சொல்லி ஆள் எடுக்கிறேல்லை. கொலிஜைப் பாத்துத்தான் எடுக்கிறது."

பெரிய கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு, அப்பா பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா மாரி, இங்க கொலிஜுதான் கங்காணியாம்ல! முந்தியே சொல்லியிருந்தா சேவலை அங்க கொண்டு போயிருக்கலாமே!"

பிழை

தை பிறந்தது. சவரிமுத்துவை எடுத்தார்கள். அவன் என் மூலைக்கு வந்து, சாய்ந்து கிடந்த ஒரு குடையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

எனக்கு மனசில் வைத்துக்கொண்டு இருக்க வராது. நேரே தலைமைக் கிளாக்கரிடம் போனேன். என் வேலையில் என்ன பிழை என்று காட்டுங்கள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு பிழையும் இல்லைத் தம்பி. பிழை எண்டாத் திருத்தலாமே."

கூடை

தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார். காமாட்சி விடுதிக்கென்று மடித்து வைத்திருந்த பாவாடையை விரித்து, கொடியில் மற்றத் துணிகளோடு போட்டாள். செத்துப்போன அம்மாவின் கொழுந்துக் கூடையைச் சுவரிலிருந்து இறக்கினாள். தலையில் மாட்டுகிற கயிறு அவளுக்கு ரொம்ப நீளம். கூடை முழங்காலில் இடித்தது. கயிற்றைக் குறுக்கிக் குறுக்கிக் கட்டிப் பார்த்தாள். முடிச்சு நிற்கவில்லை, நான்தான் இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன்.

பாயை விரித்துப் படுத்த பிறகு சொன்னாள். "தப்பு அடிச்சா என்னை எழுப்பி விடுண்ணே. எனக்கு இன்னும் தானா முழிப்பு வர மாட்டேங்குது."

கந்தோர் உத்தியோகத்துக்கு ஆசைப்படுகிறவர்களே, முதலில் சரியான ஊரில் பிறந்துவிட்டு, அப்புறம் புத்தகத்தைத் திறங்கள்.