நெய் ஜாடியில் போட்ட கோடு

மகள் பிறந்த வருடம், டிசம்பர் முழுக்க என் காலைகள் குளியலறையில்தான் தொடங்கின. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அவளுடைய துணி நாப்பியைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பேன். மஞ்சளுக்கு நடுவே சிவப்பாக ஒரு நூல் ஓடியிருக்கும். சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு மூன்று. அதற்குள் கதவுக்கு வெளியே ரப்பர் செருப்புச் சத்தம் வந்து நிற்கும். என் மாமியார்.

"இன்னாம்மா, எப்டி கீது?"

"அப்படியேதான் அத்தை."

கதவைத் திறக்க மாட்டேன். அவர் பார்த்தால் ஏதாவது சொல்வார். அவர் சொன்னால் நானும் ஏதாவது சொல்வேன். எங்கள் இரண்டு பேருக்குமே வாய் கொஞ்சம் நீளம். நடுவில் மாட்டிக்கொண்டு என் கணவர் முழிப்பார். அதற்குத் தாழ்ப்பாள் எவ்வளவோ மேல்.

குழந்தையின் மலத்தில் ரத்தம் தெரிய ஆரம்பித்தபோது அவளுக்கு இரண்டு மாதம்தான். அடையாற்றில் இருந்த குழந்தைகள் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் பதறவில்லை. "பசும்பால்ல இருக்கற புரோட்டீன் இவளுக்கு ஒத்துக்கல. நீங்க சாப்பிடறது உங்க பால் வழியா இவளுக்குப் போகுது. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், எல்லாத்தையும் நிறுத்துங்க. கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் வாங்க. அப்பவும் ரத்தம் நிக்கலன்னா தாய்ப்பாலை விட்டுட்டு இவளுக்குன்னு இருக்கற டின் பவுடருக்கு மாத்திடலாம்" என்றார்.

சாப்பாட்டில் என்னென்ன சேர்க்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்றும் கேட்டார். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை என்றேன்.

டின் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகள் ஊரெல்லாம் நன்றாகத்தான் ஓடி விளையாடுகின்றன. அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் எனக்கு வேண்டாம் என்று இருந்தது. முதல் மாதம் முழுவதும் அவள் வாய் வைக்கத் தெரியாமல் அழுவாள், நான் புண்ணாகிப்போய் அழுவேன். அப்படி அழுது அழுது, இப்போதுதான் இரண்டு பேருக்கும் பழகியிருந்தது. குடிக்கும்போது தன் குட்டிக் கையை என் கழுத்தெலும்பில் வைத்துக்கொள்வாள். அந்தக் கையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. இதில் நியாயம் எல்லாம் பார்க்க முடியாது.

வீடு சாந்தோமில், கடற்கரைக்குப் போகும் சின்னத் தெருவில், இரண்டாவது மாடி. பிள்ளை பெற்றவள் பாலைத் தொடக்கூடாது என்று மயிலாப்பூர் பக்கம் ஒரு வீட்டில் சொல்லிப் பாருங்கள், தெரியும். "பால் குடிக்காம பால் எப்டிம்மா ஊறும்?" என்று மாமியார் டாக்டர் முன்னாலேயே கேட்டார். கீழ்வீட்டு மாமி குழந்தையைப் பார்க்க வந்தவர், "எங்காத்துல பிள்ளை பெத்தவளுக்கு சாதம் தெரியாம நெய்யை விட்டுண்டே இருப்போம். நீ என்னடான்னா காஞ்ச ரொட்டியைத் தின்னுண்டு இருக்கே" என்று என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். எல்லாருக்கும் என் மேல் அக்கறை. அந்த அக்கறைக்குத்தான் நான் பயந்தேன்.

பாலை நிறுத்துவதில் மாமியாருக்கு ஒருவழியாகச் சம்மதம். நெய்யில்தான் அவர் மனசு அடங்கவில்லை. "நெய்ல பால் எங்க கீது? காச்சும்போதே எல்லாம் போய்டுமே" என்பார். நான் மெலிந்துகொண்டே போனேன். அவர் என் தட்டைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். ரசத்தில் ஒரு சொட்டு விட்டால் இவளுக்குத் தெரியவா போகிறது என்று அந்தப் பெருமூச்சு நினைப்பதாகவே எனக்குப் பட்டது.

நாட்கள் போயின, ரத்தம் நிற்கவில்லை. ஒருநாள் மத்தியானம் அவர் தூங்கும்போது அடுக்களைக்குப் போனேன். நெய் ஜாடியை எடுத்து, நெய் எந்த மட்டத்தில் இருந்ததோ அங்கே மார்க்கர் பேனாவால் மெல்லிசாக ஒரு கோடு போட்டேன். அதற்குப் பிறகு கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தேன். என் குழம்பை மோந்து பார்த்தேன், என் தட்டை நானே கழுவினேன், என் இட்லியை நானே ஊற்றினேன். நெய் கோட்டை விட்டு இறங்கவே இல்லை. அப்படியும் காலையில் நாப்பியைப் பிரித்தால் சிவப்பு நூல்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. மாடிப்படி முழுக்க வெண்ணெய் வாசனை. எங்கள் வீட்டிலும் மாமியார் கல்கல் பலகாரத்துக்கு மாவு பிசைந்து வைத்திருந்தார். அந்த மாவை முள்கரண்டியின் முதுகில் உருட்டிச் சங்கு மாதிரி சுருட்டி எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எல்லாம் பாலும் வெண்ணெயும் போட்டது. பண்டிகையன்று பூசை முடிந்து வந்தால் எனக்கு வீட்டில் சாப்பிட ஒரு துண்டு பலகாரம் இருக்காது. சின்ன விஷயம்தான். ஆனால் அந்தச் சின்ன விஷயத்துக்கு எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சரி, நானே சுட்டுக்கொள்கிறேன், பாலும் வேண்டாம் வெண்ணெயும் வேண்டாம், மசாலா போட்ட குக்கி சுடுகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துபோயிருந்தது. பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி வைத்தேன். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டினேன். கோதுமை மாவைச் சலித்தேன். இனி சுக்கு, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாவற்றையும் பொடிக்க வேண்டும். அப்போதுதான் குழந்தை தூங்கியிருந்தாள். எங்கள் மிக்ஸி போடுகிற சத்தத்தில் செத்தவன் எழுந்து உட்காருவான்.

அலமாரியில் லேகிய பாட்டில் இருந்தது. பிரசவத்துக்கு முன்பே மாமியார் கிண்டி வைத்த பிரசவ லேகியம். நாற்பது நாள் சாப்பிட்டால் போதும், எனக்கு ருசி பிடித்துப்போய் இன்னும் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு நெல்லிக்காய் அளவு உருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். வாய்க்குப் பிடித்த எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டபின் எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே சந்தோஷம் அதுதான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், ஜாதிக்காய், கருப்பட்டி, எனக்கு வேண்டிய அத்தனையும் அதற்குள்ளேயே அரைபட்டு இருக்கிறதே என்று தோன்றியது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஒரு பெரிய கரண்டி எடுத்து மாவில் போட்டேன். கரண்டியின் ஓரத்தில் வெள்ளையாக உறைந்து ஒட்டிக்கொண்டிருந்ததை விரலால் வழித்து அதையும் போட்டேன்.

மாமியார் மேசையில் உட்கார்ந்து கல்கல் உருட்டிக்கொண்டிருந்தார். பிசைய ஆரம்பித்ததும் வாசனை அவரிடம் போயிருக்கும். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு.

"லேகியமா போட்டுகினு கீற? நல்ல வேல பண்ண. கமகமன்னு வர்ல? வராம இன்னா பண்ணும், அரக் கிலோ நெய் ஊத்திக் கிண்டினதாச்சே..."

என் கை மாவுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

எனக்குத் தெரியாததல்ல. லேகியத்தில் நெய் இருக்கும் என்று எந்த வீட்டில் தெரியாது? வாயில் போட்டால் முதலில் மணப்பதே அதுதானே. ஆனால் அது மருந்து. நெய் என்பது ஜாடியில் இருப்பது, தோசை மேல் ஊற்றுவது. டாக்டர் மருந்தைப் பற்றிக் கேட்டபோது மாத்திரைகளைச் சொன்ன வாய்க்கு லேகியம் வரவில்லை. இங்கிலீஷ் டாக்டரிடம் நாட்டு மருந்தைப் பற்றி நாம் எப்போது சொல்லியிருக்கிறோம்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீடு முழுக்கக் காவல் காத்தேன். தினமும் விடிந்ததும் முதல் வேலையாக அதையே உருட்டி விழுங்கிவிட்டுக் காவல் காத்திருக்கிறேன்.

மாமியார் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். கையில் முள்கரண்டி அப்படியே இருந்தது.

"ஜாடில கோடு போட்டு வெச்சியே, அத்த நான் பாத்தேம்மா" என்றார்.

நான் அவரைப் பார்க்கவில்லை.

"பாத்துட்டு நான் இன்னா பண்ணேன் தெரியுமா? ஜாடியத் தொடறதயே வுட்டுட்டேன். எனுக்குக்கூட ஊத்திக்கல. எங்க கோடு எறங்கிப்பூடுமோன்னு பயந்துகினு கெடந்தேன். கடசில பாத்தா நானே கிண்டி, நானே பாட்டில்ல போட்டு, எம் பேத்திக்கு நானே..."

எனக்குள் கோபம் மட்டும் இருந்தது. இத்தனை நாள் அவருக்கென்று சேர்த்து வைத்த கோபம், இப்போது போக இடம் தெரியாமல் நின்றது. மாவை அப்படியே குப்பையில் கொட்டினேன். பாட்டிலை நான் எடுப்பதற்குள் அவர் எடுத்துக்கொண்டார். கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் குப்பையில் தள்ளினார். மூன்று நாள் வேலை செய்து இடித்துச் சலித்துக் கிண்டியது அது. தள்ளி முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாட்டு மருந்துக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்தவர் மிக்ஸி ஜாரையும் பாத்திரங்களையும் தட்டையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கழுவினார். "பாப்பாவத் தூக்கிக்கினு நீ பால்கனிக்குப் போ" என்று என்னை அனுப்பிவிட்டு, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாங்கி வந்த சுக்கு, பட்டை எல்லாவற்றையும் பொடித்தார். மாவை நான் பிசைந்தேன். உருண்டைகளைத் தட்டையாக அழுத்தி ஓவனில் வைத்தேன். முதல் தட்டு அடியில் கருகிப்போனது, இரண்டாவது நன்றாக வந்தது. தேங்காய் எண்ணெயும் கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்து வீடு முழுக்க மணந்தது.

பண்டிகையன்று தட்டுகள் வீடு வீடாகப் போயின. கேக்கும் கல்கல்லும், ஒரு ஓரத்தில் என் குக்கியும். பூசை முடிந்து வந்து நான் நாலு குக்கி தின்றேன். என் கணவர் ஆறு தின்றார். மாமியாரிடம் ஒன்றை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், வாயில் வைக்கவில்லை.

"பாப்பாக்கு நிக்கட்டும். நின்னப்பறம் துன்றேன்" என்று ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அன்று காலையும் நூல் இருந்தது.

டாக்டரம்மாவிடம் போனபோது நான் வாயைத் திறக்கும் முன்பே மாமியார் லேகியத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் மருந்தைப் பத்திக் கேட்டேனே?" என்றார். என் காது சூடேறியது. "அவ இன்னா பண்ணுவா, குடுத்தது நானு" என்றார் மாமியார். டாக்டரம்மா குழந்தையின் எடையைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம், அதற்கு மேல் குழந்தையை வைத்துப் பரீட்சை செய்ய முடியாது என்றார். டின் பவுடரின் பெயரை இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டு என் கைப்பைக்குள் கிடந்து கனத்தது.

முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. பாலூட்டும்போது அவள் கையை என் கழுத்தெலும்பிலிருந்து எடுத்து என் விரலில் பிடிக்க வைத்துப் பழக்கினேன். டின் பால் புகட்டும்போதும் விரலைப் பிடிக்கலாம் அல்லவா? அவள் விரலை விட்டுவிட்டு மறுபடியும் மேலே கையைக் கொண்டுபோவாள்.

போகிக்கு முதல் நாள் என்று நினைவு. எதிர்வீட்டில் பழைய பாய்களை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாப்பியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். பிரித்தேன். ஜன்னல் பக்கம் திருப்பினேன், திரும்பவும் திருப்பினேன். என் கண்ணை நானே நம்பவில்லை. வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது. அன்றைக்கு அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதோ, பயந்துவிட்டாரோ.

தாழ்ப்பாளை எடுத்தேன்.

"அத்தை, உள்ள வாங்க."

"நான் எதுக்கும்மா? நீயே பாத்துச் சொல்லு."

"எனக்குச் சரியாத் தெரியல. நீங்க பாருங்க."

முந்தானையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். தி.நகர் கடையில் வளையலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாரே, அதே மாதிரி அந்தத் துணியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள். வெறும் மஞ்சள்.

"நூலு இல்லம்மா" என்றார்.

"இல்லைதானே?"

"இல்ல. சத்தியமா இல்ல."

அந்தத் துணியை அலச அவர் என்னிடம் கொடுக்கவில்லை. அவரே அலசிக் கொடியில் போட்டார். பிறகு கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனார். மாதா படத்துக்குப் பக்கத்தில் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. நான் குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் என் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்து, அந்த ஒரு குக்கியைக் கடித்தார்.

கடற்காற்றில் அது எப்போதோ நமுத்துப் போயிருந்தது. முழுவதையும் தின்று முடித்து, டப்பாவில் கிடந்த தூளையும் விரலால் தொட்டு எடுத்தார்.