அய்யாவுக்கு எடுத்த ஸ்கேன்

எங்கள் அறையில் ஈயப் பெட்டிக்குள் ஒரு தட்டையான பலகை இருக்கிறது. உள்ளே கதிர் வீசும் கோபால்ட். தினமும் காலையில் முதல் நோயாளியைக் கூப்பிடும் முன் அதை ஸ்கேன் எடுக்கும் கேமராவின் முகத்துக்கு நேரே வைத்துப் படம் எடுப்பேன். பலகை முழுக்க ஒரே அளவில் கதிர் வரும். அதனால் திரையிலும் ஒரே சீராகச் சாம்பல் நிறம் விழ வேண்டும். திட்டுத் திட்டாக விழுந்தால் கேமரா பொய் சொல்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு ஒருவருக்கும் ஸ்கேன் கிடையாது. தொண்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் என்னைத் திட்டிவிட்டுத்தான் திரும்புவார்கள். திட்டட்டுமே! பொய்ப் படத்தைக் கையில் கொடுத்து அனுப்புவதற்கு வசவு எவ்வளவோ மேல்.

ராமநாதபுரத்தில் இந்த ஸ்கேன் சென்டருக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. மனிதர்களோடு வேலை பார்க்கிறேன் என்று பேர்தான். கதிர் மருந்தை ஊசியில் ஏற்றியபின் நோயாளியின் உடம்பிலிருந்தே கதிர் வரும் என்பதால் தள்ளி நின்று பேசியே பழகிவிட்டோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். யாரிடமும் ஒரு வார்த்தை நிதானமாகப் பேசாமலே பொழுது சாய்ந்துவிடும்.

அப்பாவையும் அப்படித்தான் பார்க்க வேண்டி வந்தது. நாங்கள் அவரை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். திருப்புல்லாணிப் பக்கம் மிளகாய் போட்டிருந்தார். மாசக்கணக்கில் இடுப்பு வலி. "குனிஞ்சு மொளகாப் பழம் எடுத்தா வலிக்காம என்ன செய்யும்?" என்று தட்டிக் கழித்தே காலத்தை ஓட்டிவிட்டார். கடைசியில் பிராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். எலும்புக்குப் பரவாமல் இருந்தால் ஆபரேஷன் செய்து காப்பாற்றிவிடலாம், பரவியிருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அதைப் பார்க்கிற ஸ்கேனைத்தான் நான் எடுக்க வேண்டும்.

அன்று காலைச் சோதனையில் கேமராவில் ஒரு குறையும் இல்லை. ஊசி போட்டு, மருந்து எலும்பில் சேரும்வரை அய்யாவைத் தனி அறையில் உட்காரவைத்தேன். "இங்கன வந்து உக்காருலே" என்று பெஞ்சைத் தட்டிக் காட்டினார். வேலை கிடக்குய்யா என்று சொல்லி வாசலிலேயே நின்றேன். அந்த நேரத்தில் என் பிழைப்பின் மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

திரையில் எலும்புகள் மெல்லத் தெளிந்து வந்தன. நோய் பரவிய இடம் கறுப்பாக விழும். முதுகுத்தண்டில் கரும்புள்ளிகள். இடுப்பில், விலாவில், எங்கே பார்த்தாலும் கரும்புள்ளிகள். ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்காது.

மருந்து சிறுநீரில் வெளியேறும். ஒரு சொட்டு வேட்டியில் பட்டிருந்தால்கூடப் படத்தில் எலும்பில் இருப்பதுபோல விழும். அதைப் பிடித்துக்கொண்டேன். அய்யாவைக் கழுவிவிட்டு வரச் சொல்லி, வேறு துணி கட்டவைத்து, மறுபடி எடுத்தேன். விலாவில் எப்படிச் சிறுநீர் படும் என்று யோசிக்கிற புத்தி அப்போது எங்கே இருந்தது? புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அய்யாவை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பலகையைத் தூக்கிவந்து கேமராவின் முன் வைத்தேன். காலையில் சோதித்ததை மறுபடி சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. கெட்டுப்போயிரு, தாயே, கெட்டுப்போயிரு என்று அந்த இரும்பிடம் கெஞ்சினேன். ஒரே ஒரு திட்டு விழுந்தால் போதும், அய்யா பிழைத்துக்கொள்வார். படம் முழுசாக வந்தது. மூலைக்கு மூலை ஒரே சீரான சாம்பல். அத்தனை நல்ல படம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை. சொல்லி அழக்கூட அந்த அறையில் ஆளில்லை.

வெளியே வந்தேன். அய்யா என் முகத்தையே பார்த்தார்.

"ஏலே, மூஞ்சி ஏன் இப்புடிக் கெடக்கு? மறுக்கா மறுக்கா எடுக்கிற. மிஷினு ரிப்பேராயிருச்சா? ஒன்னைய வைவாகளா?"

"இல்லய்யா. மிஷினு நல்லாத்தான் இருக்கு."

"அட, நல்லாத்தான இருக்கு! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தார். உடனே போனை எடுத்து ஊரில் காத்திருந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

"எல்லாம் நல்லாருக்காம்டி. ஒம்மகனே சொல்லிட்டான்."

அந்தப் பக்கம் அம்மா அழுதுகொண்டே சாமியைக் கும்பிடுவது நான் நின்ற இடம்வரை கேட்டது.