தேன்மொழி வாங்கித் தந்த உத்தரவுகள்

ஜொகூர் மாசாய் அடுக்குமாடி வீடுகளில் யாருக்காவது காடி, அதாவது கார், வாங்க வேண்டுமென்றால், பெண்ணுக்குக் கல்யாணத் தேதி குறிக்க வேண்டுமென்றால், பல் பிடுங்க வேண்டுமென்றால்கூட, முதலில் தேன்மொழிக்குத்தான் போன் வரும். அவள் தரகரும் அல்ல, ஜோசியக்காரியும் அல்ல. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பேரொளி ஐயாவிடம் உத்தரவு வாங்கித் தருவது அவளுடைய பொறுப்பு.

ஐயா இருப்பது தமிழ்நாட்டில், ஏதோ ஒரு மலையடிவாரத்தில். ஐயா, அம்மா, இரண்டு மகன்கள், மருமகள்கள் என்று குடும்பத்தோடு தெய்வமாகிவிட்டவர்கள். பக்தர்கள் எதைச் செய்தாலும் அவர்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பதில் மூன்றே விதம்: செய், வேண்டாம், பொறு. காரணம் கேட்டால் பலன் போய்விடும். எவ்வளவு வசதியான ஏற்பாடு பாருங்கள்! நடந்தால் ஐயாவின் அருள், நடக்காவிட்டால் கேட்டவனுடைய கர்மம்.

பல வருடங்களுக்கு முன்னால் அந்தக் குடும்பம் ஜொகூருக்கு வந்திருந்தது. பெக்கான் நானாஸ் போகிற வழியில் அவர்களுடைய பெரிய காடி மக்கர் பண்ணிவிட, பின்னால் வந்த தேன்மொழியின் வேனில் ஏறிக்கொண்டார்கள். பிள்ளைகள் சிந்திய மைலோ பாலின் நாற்றத்துக்கு மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஐயா மட்டும் இறங்கும்போது, "இனிமே ஜொகூருக்கு நீதாம்மா என் வாசல்" என்றார். சாஆ என்ற ஊரில் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, பள்ளியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆயுசில் யாரும் ஒரு வார்த்தை யோசனை கேட்டிராத பெண் அவள். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

முதலில் பதில்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. பிறகு பீடத்தில் யார் உட்காருவது என்று மகன்கள் இருவரும் கோர்ட்டு வாசலுக்குப் போனார்கள். ஐயா தவத்தில் இருக்கிறார் என்றது ஒரு தரப்பு, படுத்த படுக்கையாகிவிட்டார் என்றது இன்னொன்று. தேன்மொழி அனுப்பிய கேள்விகளுக்கு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. இங்கேயோ ஜனங்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசல் சாத்திக் கிடக்கிறது என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. சொல்லிவிட்டால் மறுபடியும் வெறும் வேன்காரிதானே.

முதல் பொய் ஒரு காடியின் நிறம். கீழ்வீட்டு சுகுமாறன் புதுக் காடிக்கு உத்தரவு கேட்டு நாள்கணக்காக நச்சரித்தான். "வெள்ளை எடுக்கச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அப்புறம் பழகிவிட்டது. பயமான கேள்விகளுக்கு மட்டும் "பொறு" என்பாள். பொறுப்பதால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்பது அவளுடைய கணக்கு.

அதே சுகுமாறனின் மனைவி சாந்தினி, மார்பில் கட்டி, டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார் என்று வந்து நின்றபோதும் தேன்மொழி அதையேதான் சொன்னாள். சாந்தினி சிரித்த முகத்தோடு அந்த நாளைத் தவறவிட்டாள். பொறுத்தாள், பொறுத்தாள், போன தைப்பூசத்தின்போது அவள் இல்லை. சாவு வீட்டில் சுகுமாறன் தேன்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா கூட்டிக்கிட்டாரு அக்கா" என்றான். அவளால் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அன்றிலிருந்து அவன் வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்பாள்.

இப்போது அந்தப் "பொறு" அவள் வீட்டிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. கணவன் திருச்செல்வத்துக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. கால் விரலில் பட்ட சின்னக் காயம் கறுத்து, கறுப்பு பாதத்துக்கு ஏறி, காய்ச்சலும் கண்டுவிட்டது. உத்தரவு வந்துவிட்டது என்று அளந்துவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம்தான். ஆனால் ஐயாவின் இளைய மகன் நேரலையில் தோன்றி, பௌர்ணமி வரை ஐயா மௌனம், யாருக்கும் உத்தரவு கிடையாது, அதுவரை பக்தர்கள் உடம்பில் கத்தி படக்கூடாது என்று சொல்லிவிட்டார். திருச்செல்வம் அதைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டிருந்தான்.

அன்று மத்தியானம் வேனை நிறுத்திவிட்டு மேலே ஏறிவந்தபோது வீட்டில் ஒரு வாடை அடித்தது.  தூக்கி இறக்க ஆள் வேண்டும் என்று சுகுமாறனுக்குப் போன் போட்டுவிட்டு, கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, கால் அழுகிப் போவுதுங்க. வாங்க போயிடலாம்."

"பௌர்ணமி முடியட்டும் லா. பொறுத்தவங்களுக்குத்தான் பலன். சாந்தினி எப்படிப் பொறுத்துச்சு, பார்த்தல்ல?"

அந்தப் பெயரைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ உடைந்துபோயிற்று.

"அது ஐயா சொல்லலங்க. நான் சொன்னேன்! சாந்தினிய பொறுக்கச் சொன்னது நான்தான். அங்கேயிருந்து வருஷக்கணக்கா ஒரு பதிலும் வரல. எல்லாம் நானா சொன்னது!"

அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். காய்ச்சலில் காய்ந்த அவன் முகம் மலர்ந்தது.

"பைத்தியம். பதில் எதுக்கு தனியா வரணும்? உன்னைத்தான வாசல்னாரு? உனக்கே தெரியாம உன் வாயால பேசியிருக்காரு."

படுத்தபடியே பெண்டாட்டியைப் பார்த்துக் கைகூப்பினான்.  இந்த மனுஷனிடம் இனி உண்மையைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, உண்மையையும் இவன் பூப்போட்டுக் கும்பிடுவான் என்று தேன்மொழிக்குப் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை ஒருமையில் அழைத்திராதவள், குரலை உயர்த்தினாள்.

"அப்போ இப்பவும் அவர்தான் பேசறாரு. எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போ. காலை எடுக்கணும்னு சொன்னா குடு."

"உத்தரவு" என்றான் திருச்செல்வம், குழந்தைபோலக் கையை நீட்டிக்கொண்டு.

அவனைத் தாங்கிப் பிடித்துத் திரும்பினபோதுதான், திறந்திருந்த கதவருகே சுகுமாறன் நிற்பதைப் பார்த்தாள். எப்போது வந்தான், எதிலிருந்து கேட்டான், தெரியவில்லை. அவன் உள்ளே வந்து திருச்செல்வத்தை முதுகில் சுமந்துகொண்டு படியிறங்கினான்.

அந்த வெள்ளைக் காடியில்தான் போனார்கள். பின்னால் படுத்திருந்த திருச்செல்வம் ஐயாவின் நாமத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். முன்னால் கண்ணாடியில் ஐயாவின் குடும்பப் படம் ஆடிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கில் காடி நின்றபோது, சுகுமாறன் அதை நிதானமாகக் கழற்றி, முகத்தைப் பார்க்காமல் தேன்மொழியின் மடியில் வைத்தான்.  ஏதாவது சொல் என்று அவனிடம் கெஞ்ச வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

ஆஸ்பத்திரியில் திருச்செல்வத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்று தாதி திட்டினாள். வண்டி கதவுக்கு அந்தப் பக்கம் போகும்வரை அவன் மனைவியைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டேயிருந்தான்.

தேன்மொழி பின்னாலேயே ஓடப் பார்த்தாள். சுகுமாறன் குறுக்கே வந்து நின்றான்.

"நீங்க சொன்னத அண்ணன் நம்பல" என்றான். "நான் நம்புறேன், அக்கா."