எண்ணத் தெரியாத வரி

என் அக்கா வீட்டுக்காரரை அலுவலகத்தில் 'நோண்டி' என்பார்கள். பொருத்தமான பேர். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் படியிறங்க மாட்டார். எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், அதைத் தினமும் சொல்லிக் காட்டியவரும் அவர்தான். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் குறிப்புத் தாளை இணையத்தில் ஏற்றுவது எங்கள் வேலை. கம்பெனிக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் விஷயங்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். அவற்றை நீக்கிவிட்டு ஏற்ற வேண்டும். எழுத்துகளைத் தேடிப் பிடித்து மாற்றும் கணினிக் குறிமுறையான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் நான் ஒரே வரி எழுதினேன்: திறக்கும் குறியிலிருந்து மூடும் குறி வரை அழி. அடைப்புக்குள் இன்னொரு அடைப்பு வந்த இடங்களில், உள்ளே இருப்பது மூடியதுமே அது நின்றுவிட்டது. மிச்சம் வால் மாதிரி தொங்கியது. சரி, பத்தியின் கடைசி மூடும் குறி வரை அழி என்று மாற்றினேன். வால் போய்விட்டது.

அத்தான் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த வரிக்கு எண்ணத் தெரியாதுடா. திறந்தா ஒண்ணு கூட்டணும், மூடினா ஒண்ணு கழிக்கணும், பூஜ்யம் வந்தாத்தான் நிறுத்தணும்."

அதற்காகப் பத்து வரி எழுதி, மூன்று நாளாக அதையே நோண்டிக்கொண்டிருந்தார். மேலாளர் கத்தத் தொடங்கினார். அத்தான் பல் வைத்தியரிடம் போயிருந்த மதியம், அவர் மூக்கை உடைக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில், என் வரியை ஓட்டி எல்லாத் தாள்களையும் ஏற்றிவிட்டேன். எங்கள் பிரிவிலிருந்து எது போனாலும் அவர் பேரில்தான் போகும்.

மறுநாள் ஒரு மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். ஒரே பத்தியில் தனித்தனியாக இரண்டு குறிப்புகள் இருந்த இடங்களில், என் வரி முதலாவதில் தொடங்கி இரண்டாவதின் முடிவு வரை விழுங்கியிருந்தது. நடுவில் இருந்த 'இதய நோயாளிகள் சாப்பிடக் கூடாது' என்ற வாக்கியமும் அதோடு போயிருந்தது. பதினோரு தாள்களில்.

மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீங்க அனுப்பினதுதானே அத்தான்," என்றேன்.

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மேலாளர் கணினிப் பதிவைத் திறந்து காட்டினார். அதில் நேரம் இல்லை; தேதியும் அத்தான் பேரும்தான் இருந்தன. அன்றைக்கே அவர் சீட்டைக் கிழித்தார்கள்.

அக்கா என்னோடு பேசுவதில்லை. அத்தானுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். தாள்கள் வந்ததும் அவருடைய பத்து வரியைத்தான் ஓட்டுகிறேன். இன்று வரை ஒரு சொல்லைக்கூட அது தவறவிடவில்லை. அதற்காகவும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.