எத்தனை நாளாக வலிக்கிறது

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு. வயிற்று வலிக்கு ஒன்றும் கிடையாது. தேயிலைக் காட்டில் இலை பறித்த எங்களுக்கு இந்த ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். தெரிந்திருந்ததால்தான் பிழைத்தோம்.

அப்போது தோட்டத்தில் ஒரு மருந்துக் கொட்டகை இருந்தது. டாக்டர் கிடையாது, டிரசர் என்று ஒருவர்தான். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பதற்குள் அவரிடம் சீட்டு வாங்கினால்தான் அன்றைக்கு லீவு. வாயில் தெர்மாமீட்டரைச் செருகுவார். சூடு இல்லையென்றால், "போ, போ, காட்டுக்குப் போ." தலைவலி என்றால் ஒரு மாத்திரை, இடுப்பு வலி என்றால் ஒரு தைலம். வயிற்று வலியை மட்டும் அவரால் அளக்க முடியாது. அதற்கும் ஒரு கேள்வி வைத்திருந்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா" என்று சொன்னால் வெள்ளை மருந்தை ஒரு மடக்குக் குடிக்க வைத்துக் கூடையைத் தூக்கச் சொல்வார். "ரெண்டு வருசமா" என்றால் கொஞ்சம் யோசிப்பார். இப்படிப்பட்டவள் சரிவில் மயங்கி விழுந்து வைத்தால் துரைக்கு யார் பதில் சொல்வது? சீட்டு வந்துவிடும். இதை முதலில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு அக்கா. எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கொஞ்ச நாளில் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் வருஷக் கணக்கு வாய்ப்பாடு மாதிரி வர ஆரம்பித்தது.

பொய்தானே என்பீர்கள். மழையில் நனைந்த கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, அட்டை கடிக்க அந்தச் சரிவில் ஒரு நாள் நின்றுவிட்டு வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வலி உண்மை. வருஷம் மட்டும்தான் கூடுதல். அதையும் அவர்கள்தான் எங்களிடம் கேட்டு வாங்கினார்கள்.

மருந்துக் கொட்டகையை மூடி வெகு நாளாகிறது. நானும் காட்டிலிருந்து ஆலைக்கு வந்து, பொட்டலம் கட்டும் அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் போனபிறகு எனக்கு என் மகள்தான். அவள் மலைக்குக் கீழே ஈப்போ டவுனில் ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறாள். அக்காவின் மகன் இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஆனான். எங்கள் லயத்தில் டை கட்டிய முதல் ஆள் அவன். அவன் கார் வந்து நின்றால் அக்கா வாசலில் நின்று நாலு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "சாப்பிட்டியாப்பா?" என்பாள்.

அவன்தான் என் மகளிடம் மெடிக்கல் கார்டைப் பற்றிச் சொன்னான். மாசாமாசம் கட்டிவந்தால் அம்மாவுக்கு ஒன்று என்றால் கையை வீசிக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். மகள் போட்டுவிட்டாள். லயத்தில் அதைப் பேசாத வாய் இல்லை. "கவர்மெண்டுல ஒரு வெள்ளிக் காசுல பார்த்துக்கலாம். டாக்டருங்க கெட்டிக்காரங்க. ஆனா காத்திருந்து காத்திருந்தே செத்துருவோம் லா" என்று பாதிப் பேர். "பிரைவேட்டுல மரியாதையா பேசுவான், அந்த மரியாதைக்கும் பில்லு போடுவான்" என்று மீதிப் பேர். பக்கத்து டவுன் தானா ராத்தாவில் நாங்கள் தேத்தண்ணி குடிக்கிற கடையின் பாய், டிவியைப் பார்த்துக்கொண்டே புலம்புவார்: "வருசா வருசம் பிரிமியம் ஏத்துறான். இப்ப என்னடான்னா, கிழவனானா சாப்பிட வச்சிருக்கிற சேமிப்புப் பணத்துல அதைக் கட்டிக்கலாமாம். அதான் பெரிய மாற்றமாம். அடப்பாவிகளா!" அவரும் கார்டு வைத்திருந்தார். சர்க்கரைக்கு மருந்து வாங்க மட்டும் கவர்மெண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார்.

எனக்கு அந்தக் கார்டு பிடித்திருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? என் பேர் அச்சடித்த பளபளப்பான அட்டை. இனி யாரிடமும் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். பர்ஸில் சாமி படத்தோடு சேர்த்து வைத்திருந்தேன்.

தீபாவளி முடிந்த வாரம் வலி வந்தது. வலது விலாவுக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி ஒரு வலி. வாந்தி. இரண்டு நாளில் விட்டது, திரும்ப வந்தது. மகள் விடவில்லை. என்னை ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உட்கார வைத்தாள். அடேயப்பா! கல்யாண மண்டபம் தோற்றுவிடும். சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். காசு கட்டியிருக்கிறோம் அல்லவா.

ஸ்கேனில் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. எடுத்துவிட வேண்டும், மறுநாளே செய்துவிடலாம் என்றார்கள். மகள் கார்டைக் கொடுக்கக் கீழே போயிருந்தாள். டாக்டர் தமிழர்தான், நல்ல மனுஷன். பேனாவை எடுத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"எத்தனை நாளா வலிக்குதும்மா?"

என் வாய் என்னைக் கேட்கவில்லை. "பத்து வருசமா டாக்டர்" என்றது.

அவர் அதைக் கார்டுக் கம்பெனிக்கு அனுப்புகிற பாரத்தில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், வளையலைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பசி வேறு, பயம் வேறு. மகள் உள்ளே வந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா, கம்பெனி பணம் தரமாட்டேன்னுட்டான். கார்டு எடுக்கிறதுக்கு முன்னாடியே உனக்கு வியாதி இருந்துச்சாம். பத்து வருசமாம். யாரும்மா அப்படிச் சொன்னா?"

அங்கியின் முதுகுப்பக்கம் சரியாக மூடாது. ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, அப்படியே லிஃப்டில் இறங்கிக் கவுண்டருக்குப் போனேன். கோட் போட்டவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும். அங்கே இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, சொந்தக் காசு கட்டினா இன்னைக்கே செய்யலாம். இல்லன்னா துணியை மாத்திக்கங்க."

"நேத்து, நாளைக்கே செய்துடலாம்னீங்க. ராத்திரியில என் கல்லு கரைஞ்சிருச்சா?"

"அது இல்ல ஆன்ட்டி…"

"வேற எது?"

அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம். துணியை மாற்றிக்கொண்டு மலையேறினோம். வழியெல்லாம் மகள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அன்று சாயங்காலமே அக்காவின் மகன் வந்தான். அக்காவும் கூடவே வந்து கதவோரம் நின்றாள்.

"சின்னம்மா, அப்பீல் போடலாம். ஒரு வழி இருக்கு. வயசானவங்க, படிக்காதவங்க, என்ன பேசுறோம்னு புரியாம உளறிட்டாங்கன்னு டாக்டர் ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். கம்பெனியிலேருந்து போன் பண்ணுவாங்க. நீங்களும் அதையே சொல்லிருங்க."

"என்னன்னு? எனக்குப் புத்தி பிசகிப் போச்சுன்னா?"

"பேச்சுக்குத்தான் சின்னம்மா."

"டேய், நான் புரியாம சொல்லலடா. நல்லாப் புரிஞ்சுதான் சொன்னேன். ரெண்டு நாளுன்னு சொன்னா இந்த ஊர்ல எவன் நம்பினான்? உன் ஆத்தாளக் கேளு. வலியப் பெருசாக்கினாத்தான் மருந்துன்னு இத்தனை காலம் எங்களப் பழக்கினீங்க. இப்ப சின்னதாக்கினாத்தான் மருந்தா? உங்க இஷ்டத்துக்கு இழுக்க என் வயிறு என்ன ரப்பரா?"

அக்கா கதவோரத்திலிருந்து உள்ளே வந்தாள். மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை.

போன் வந்தது. பேசியவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். தீபாவளி முடிந்து வந்த வலி, பத்து வருஷம் என்று நான்தான் சொன்னேன், ஏன் சொன்னேன் என்றும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்ப எதும்மா பொய்? அன்னைக்குச் சொன்னதா, இன்னைக்குச் சொல்றதா?" என்றார்.

"கல்லு பொய் இல்ல சார். படம் எடுத்தாங்க, உங்ககிட்டயே இருக்கு" என்றேன். அப்பீலும் போயிற்று.

மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினாள். "உளறிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்! உன் ரோஷம் பெருசா, உசுரு பெருசா? நான் வயித்தக் கட்டிக் கட்டின காசும்மா அது." அவள் சொன்னது சரிதான். கடைப் பெண்களோடு வெளியே சாப்பிடப் போகாமல் சோற்றைக் கட்டிக்கொண்டு போய்த்தான் அவள் கட்டினாள். அந்த ராத்திரி அவள் பக்கத்தில் படுத்து அவள் தலையைக் கோதினேன். ஆனால் உளறிவிட்டேன் என்று மட்டும் அவளிடம்கூடச் சொல்லவில்லை.

தானா ராத்தாவில் கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோலா தெர்லாவிலிருந்து காய்கறித் தோட்டத்துக்காரர்கள், பாசார் சாமான் பையோடு வந்த பாட்டிமார்கள், கையில் கட்டுப் போட்ட வங்காளதேசத்துப் பையன், எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வரிசையில் எனக்கு முன்னால் இருந்த அம்மாள் குசுகுசுத்தாள்: "ரொம்ப வருசமா வலின்னு சொல்லு, சீக்கிரம் கீழே ஈப்போவுக்கு அனுப்புவாங்க." பாருங்கள், ஊருக்கு ஊர் இதே பாடம்தான்.

டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். என் மகள் வயசுதான் இருக்கும். பேனாவை எடுத்தார். "சுடா பெராப்பா லாமா சாகிட், மக்சிக்?" அதே கேள்விதான். எத்தனை நாளாக வலி.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்: "எத்தனை நாள்னு சொன்னா அறுப்பீங்க? முதல்ல நீங்க அதைச் சொல்லுங்க, நான் அப்புறம் சொல்றேன்."

அந்தப் பெண் விழித்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பேனாவை வைத்துவிட்டு என்னைப் படுக்கச் சொல்லி வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தீபாவளிக்கு மறுவாரத்திலிருந்து என்று சொன்னேன். அதையே எழுதினார். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் எனக்குத் தேதி கிடைத்தது. அது சித்திரை வருஷப் பிறப்புக்கும் அப்பால் இருந்தது. வாயில் வந்ததைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். கவர்மெண்டு ஆஸ்பத்திரியைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறவள் இல்லை நான். காத்திருப்பதும் ஒரு வலிதான். அதற்கு எந்த டாக்டரும் மருந்து எழுதுவதில்லை.

அந்தத் தேதி வருவதற்குள் பொட்டல அறையில் சுருண்டு விழுந்தேன். குளிர்க் காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆம்புலன்ஸில் மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் உயிர் போய்த் திரும்பியது. மகள் கீழே ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைத் தள்ளிக்கொண்டு ஓடியவர்களில் ஒருவர்கூட எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. என் கண் மஞ்சளாக இருந்தது, அது அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அறுத்து எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆளே இல்லை என்று பிறகு மகளிடம் சொன்னார்களாம். செத்திருந்தால் ரோஷக்காரி என்று நல்ல பேரோடு போயிருப்பேன். நல்லவேளை, போகவில்லை.

தையல் காய்ந்து நான் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் கூட்டம். அக்காவின் மகன் மைக் பிடித்தான். அவனுக்குப் பக்கத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி ஆபீசர் ஒருவர், மேசையில் பிஸ்கட்டும் குடிக்க மைலோவும். சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொண்டு குடும்பத்துக்கே கார்டு தருவார்களாம். காலம் மாறுகிறது, எல்லாவற்றுக்கும் கவர்மெண்டையே நம்பி உட்காரக்கூடாது என்று ஆபீசர் விளக்கினார். அக்கா முன்வரிசையில் புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். லீவுக்கு வந்த என் மகள் என் பக்கத்தில் இருந்தாள். "கேள்வி இருந்தா கேளுங்க" என்றார்கள்.

மகள் என் கையைப் பிடித்தாள். எழுந்துவிட்டேன்.

"ஒன்னே ஒன்னுதான் சார். நான் வலிக்குதுன்னு சொன்னா, நம்புவீங்களா?"

ஆபீசர் சிரித்தார். "அது ரெக்கார்டைப் பொறுத்தது ஆன்ட்டி. நீங்க உக்காருங்க, அப்புறம் தனியா பேசுவோம்."

"என் வயிறு ரெக்கார்டைப் பார்த்தா வலிக்குது? நம்புவீங்களா, மாட்டீங்களா? சொல்லுங்க, உக்காந்துக்கிறேன். நம்புவேன்னு சொன்னா முதல் கையெழுத்தே என்னோடதுதான்."

"சின்னம்மா, ப்ளீஸ்" என்றான் அக்காவின் மகன். பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரோ, "உக்காரு லா" என்றார்கள். என் மகள் தலை குனிந்திருந்தாள், ஆனால் என் கையை விடவில்லை.

முன்வரிசையில் நாற்காலி இழுபட்டது. அக்கா எழுந்தாள். என் பக்கம் திரும்பவில்லை, மகனைத்தான் பார்த்தாள்.

"நீ மூனு மாசக் கருவா இருந்தப்ப எனக்கு ரத்தம் பட்டுச்சுடா" என்றாள். "ரெண்டு நாளா வயிறு வலிக்குதுன்னு டிரசர்கிட்ட உள்ளதைச் சொன்னேன். கூடையத் தூக்குன்னாரு. மறுநாள் போயி ரெண்டு வருசமா வலின்னேன். சீட்டு குடுத்தாரு. வீட்டுல படுத்தேன், நீ தங்கின."

"அம்மா, உக்காரும்மா" என்றான் அவன். மைக்கைக் கையால் மூடினான்.

"அவ கேட்டதுக்குப் பதில் சொல்லு, நானும் உக்காருறேன்."

அவன் மைக்கை மேசைமேல் வைத்தான். ஆபீசர் தன் பேப்பர்களை அடுக்கினார். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.