தலைவரை மீள அழைத்தல்

கனடாவில், மோர்னிங்சைட் என்ற பகுதியில், பதினாறு மாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு தமிழ் முதியோர் சங்கம் இருந்தது. சங்கம் என்றதும் பெரிதாக ஏதும் நினைத்துவிட வேண்டாம். வியாழக்கிழமைகளில் பின்னேரம் இரண்டு மணிக்குக் கீழ்த்தளத்து மண்டபத்தைத் திறந்து, பாலில்லாத பிளேன்ரீ ஊற்றி, கரம்போட் விளையாடி, தமிழ்ப் பேப்பர்களை வரி விடாமல் வாசித்து, ஐந்து மணிக்குப் பூட்டிக்கொண்டு போவதுதான் அதன் வேலை. ஆனால் அதற்கும் ஒரு யாப்பு இருந்தது. எழுதிய விதிகள் இல்லாத கூட்டத்துக்கு மண்டபம் கிடையாது என்று கட்டட அலுவலகம் 1992இல் கையை விரித்துவிட, செயலாளர் அகஸ்ரின் எங்கோ ஒரு வெள்ளைக்காரச் சங்கத்தின் யாப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். அதைத் தமிழாக்கியவர் தலைவர் தியாகலிங்கம்.

தியாகலிங்கம் மல்லாகம் நீதிமன்றத்தில் இருபத்தெட்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சிக் கூண்டில் நிற்கிறவன் தலையிலடித்து அழுதாலும் இவர் அசையமாட்டார். அவன் சொன்னதை மட்டும் நீதவானுக்கு இங்கிலீசில் எடுத்துச் சொல்லுவார். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. கனடாவுக்கு வந்து, மகள் நிலாணியின் வீட்டு நிலவறையில் இரண்டு வருடம் இருந்து, பிறகு மனைவி கமலாம்பிகையோடு இந்தக் கட்டடத்தின் பதினாலாம் மாடிக்குக் குடிவந்த பின்னும் அந்தக் கண்டிப்பு அவரை விட்டுப் போகவில்லை. கட்டடத்தில் யாராவது டொக்டரிடம் போவதென்றாலும், குடிவரவிலிருந்து கடிதம் வந்தாலும், தலைவரைத்தான் தேடி வருவார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. பிடிக்காததுபோல முகத்தை வைத்துக்கொள்ளுவார், அவ்வளவுதான்.

யாப்பின் பதினோராம் பிரிவில்தான் அவர் சிக்கினார். 'றீகோல்' (recall) என்று ஒரு இங்கிலீசுச் சொல். மக்கள் மனுக் கொடுத்து, வாக்கெடுப்பு வைத்து, பதவியில் இருக்கிற தலைவரை இடையில் இறக்குவது. 'பதவி நீக்கம்' என்று போடலாம்தான்; ஆனால் அந்தச் சொல்லை ஏற்கெனவே ஒன்பதாம் பிரிவில், களவு மோசடிக்குப் போட்டுவிட்டார். இரண்டு குற்றத்துக்கு ஒரே சொல் போடுவது அவருடைய தொழிலுக்கு அழகில்லை. மூன்று நாள் யோசித்து, கடைசியில் இப்படி எழுதினார்: உறுப்பினரில் மூன்றிலொரு பங்கினர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால், தலைவரை மீள அழைப்பது பற்றிப் பொதுவாக்கெடுப்பு நடத்தப்பட வேண்டும்.

எழுதியதை உரத்து வாசித்தார். மேசைக்கு அந்தப் பக்கம் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த கமலாம்பிகை நிமிர்ந்து பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, மீள அழைக்கிறதெண்டால் வா எண்டு கூப்பிடுறதெல்லோ? போ எண்டு சொல்லுறதுக்கு உதென்ன சொல்லு? சனத்துக்கு உப்பிடி விளங்காது."

"உது சட்டம். உமக்கு விளங்காது. நீர் காயை முறியும்."

கமலாம்பிகை காயை முறித்தார். அந்த வீட்டில் சொல் விஷயத்தில் கடைசித் தீர்ப்பு எப்போதும் தியாகலிங்கத்துடையதுதான்.

அதற்கு மூன்று வருடம் கழித்து அவர் ஒரே ஒரு முறை பிழையாக மொழிபெயர்த்தார், அதுவும் தெரிந்தே. ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர் கமலாம்பிகையின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் ஆறுதலாகப் பேசினார். எங்கெங்கே பரவியிருக்கிறது, இன்னும் எத்தனை மாதம் என்று எல்லாம் சொன்னார். தியாகலிங்கம் மனைவியின் பக்கம் திரும்பி, "கொஞ்சம் புண்ணாம். மருந்து தருவினமாம்" என்றார்.

"அந்தப் பிள்ளை இவ்வளவு நேரம் கதைச்சது. நீங்கள் ரண்டு சொல்லிலை முடிச்சிட்டியள்" என்றார் கமலாம்பிகை. அதற்குமேல் கேட்கவில்லை. 1996 மாசியில், பனி கொட்டிய ஒரு காலையில் போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து தியாகலிங்கம் கீழே இறங்கவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல. முதல் வியாழன் போக மனம் வரவில்லை. இரண்டாம் வியாழன், முதல் வியாழன் போகாததற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மூன்றாவதிலிருந்து அது பழகிவிட்டது. தொலைபேசி அடித்தால் எடுக்கமாட்டார். கதவைத் தட்டினால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருப்பார். ஆட்கள் புழங்காத நேரம் பார்த்து லிஃப்டில் இறங்கிப் பாலும் பாணும் வாங்கி வருவார். வீட்டில் கமலாம்பிகையின் குளிர்கோட் கதவுக்குப் பின்னால் தொங்கியது. ஆனி மாதம் வந்தும் அவர் அதை எடுத்து வைக்கவில்லை.

சங்கத்தின் நிலைமை இன்னும் மோசம். மண்டபப் பூட்டின் திறப்பைத் தலைவரின் கையெழுத்துக்கு மட்டும்தான் அலுவலகம் கொடுக்கும். அப்படி வாங்கிய திறப்பு பதினாலாம் மாடியில் ஓர் ஆணியில் தொங்க, எழுபதும் எண்பதும் கடந்த சனம் நாலு மாதமாக வியாழக்கிழமைகளில் கீழே வாசல் மண்டபத்தில் நின்று பார்த்துவிட்டுக் கால் கடுக்கத் திரும்பிப் போனது. புதுத் தலைவர் வந்தால்தான் புதுத் திறப்பு. தலைவர் தானாக விலகவும் இல்லை, கதவைத் திறக்கவும் இல்லை. சட்டப்படி மிஞ்சியது பதினோராம் பிரிவு ஒன்றுதான்.

அகஸ்ரின் மனுவைக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டுப் போகிற ஆள் இல்லை. ஊரில் தபாற்கந்தோரில் இருந்தவர். பதிவுத்தபாலைக் கையில்தான் கொடுப்பார். மூன்று நாள் தொடர்ந்து வந்து தட்டி, மூன்றாம் நாள் கதவு திறந்தது.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. பிரிவு பதினொண்டு. முப்பத்தெட்டுக் கையெழுத்து இருந்தால் காணும். அறுபத்தொண்டு வந்திருக்கு."

"அறுபத்தொண்டோ?"

"நான் உங்களைப் பற்றி ஒரு சொல் குறைவாச் சொல்லேல்லை. மனுசியைப் பறிகுடுத்த ஆளைப் பற்றி வீடு வீடாப் போய் என்னத்தைச் சொல்லுறது? கடுதாசியை நீட்டினன். வாசிச்சிட்டுத் தாங்களாத்தான் வைச்சவை."

அகஸ்ரின் போன பின் தியாகலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மேலே ஒரே ஒரு வரி, அவருடைய சொந்த வரி: தலைவரைப் பிரிவு 11இன்படி மீள அழைக்கக் கோருகிறோம். கீழே பெயர்கள். நடுங்கும் தமிழ் எழுத்துகள், குடியுரிமைக்கென்று புதிதாகப் பழகிய இங்கிலீசு எழுத்துகள். ஒன்பதாம் மாடி வேரோனிக்காவின் கையெழுத்து நாலாவதாக இருந்தது. கமலாம்பிகை வாய் கசந்து ஒன்றும் இறங்காமல் கிடந்தபோது, ஒவ்வொரு நாளும் ஒடியல்மாக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு ஏறி வந்தவர் அவர். பன்னிரண்டாவதாகக் கிறிஸ்துநாயகம். அந்த மனிதரின் ஓய்வூதியத்துக்காக இவர் பதினேழு கடிதம் எழுதியிருக்கிறார். மற்ற யார் போட்டாலும் போடட்டும், இவர்கள் இரண்டு பேரும் போட்டிருக்கக் கூடாது என்று நினைத்தார். கமலாம்பிகை செத்தபோதுகூட அழாதவர், தனியே இருந்து அந்தக் கடதாசிக்கு முன்னால் அழுதார்.

வாக்கெடுப்புக்கு இருபத்தொரு நாள் தவணை. அந்த மூன்று கிழமையும் அவருக்கு ஒரே கேள்விதான்: நான் இவர்களுக்கு என்ன செய்தேன்? மகள் வேறு றிச்மண்ட் ஹில்லிலிருந்து தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, றிசைன் பண்ணிவிட்டு இஞ்சை வாங்கோவன். உந்தச் சனத்தோடை உங்களுக்கு ஏன் தேவையில்லாத ரென்ஷன்?"

"வாறன், பிள்ளை. ஒருக்கா முகத்தைப் பாத்துக் கேட்டிட்டு வாறன்."

மகளிடம் போய்விடுவதாகவே முடிவெடுத்திருந்தார். இவர்களும் வேண்டாமென்றால் இந்தக் கட்டடத்தில் இனி யாருக்காக இருப்பது? வீட்டை விட்டுவிடுவதாக அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்தார். அதோடு நாலு பக்கத்தில் ஒரு பேச்சு. செய்த நன்மை ஒன்று விடாமல் தேதிவாரியாக எழுதியிருந்தார். நீதிமன்றத்தில் இருந்த மனிதர் அல்லவா.

இடையில் ஒருநாள் லிஃப்டில் கிறிஸ்துநாயகம் மாட்டினார். தலையைக் குனிந்துகொண்டு நிற்பார் என்று பார்த்தால், மனிதர் பொய்ப்பல் தெரியச் சிரிக்கிறார்.

"தலைவர்! எல்லாரும் கையெழுத்து வைச்சாச்சு. இனி நீங்கள் தப்பேலாது!"

பதினேழு கடிதம், என்று நினைத்துக்கொண்டார் தியாகலிங்கம். தனக்குரிய மாடிக்கு மூன்று மாடி முன்னாலேயே இறங்கி, படியேறிப் போனார்.

ஆடி மாதம் இரண்டாம் வியாழன், வெளுத்த சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டு, பேச்சை ஒரு பையிலும் திறப்பையும் கடிதத்தையும் மற்றப் பையிலும் வைத்துக்கொண்டு கீழே போனார். தன் கையாலேயே மண்டபத்தைத் திறந்துவிட்டார். சனம் நிறைந்துவிட்டது. ஒருவரையும் பார்க்காமல் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். பேச்சு வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் என்று அகஸ்ரின் சொல்லிவிட்டார். அதுவும் யாப்பில் இவரே எழுதியது. வாக்குத் துண்டுகள் கொடுக்கப்பட்டன. தலைவரை மீள அழைக்க வேண்டுமா? ஓம், இல்லை. தியாகலிங்கம் தன் துண்டில் ஒன்றும் போடாமல் மடித்துப் பெட்டியில் போட்டார்.

எண்ணிக்கொண்டிருக்கும்போது வேரோனிக்கா கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினார்.

"நல்லா மெலிஞ்சு போனியள், அண்ணை. இஞ்சை பாருங்கோ, ஒரு மனுசனை வா எண்டு கூப்பிடுறதுக்கு எலெக்சனோ? உவ்வளவும் தேவையோ எண்டுதான் அகஸ்ரினைக் கேட்டனான். அவர் யாப்பு எண்டிட்டார். சரி, யாப்பெண்டால் யாப்பு. வீட்டுக்கு வந்து தட்டினால் திறக்கிறியளில்லை, கடுதாசியிலை கூப்பிட்டாலாவது வருவியள் எண்டு நானும் ஆறு மாடி ஏறி இறங்கிச் சனத்தைப் பிடிச்சு வைப்பிச்சனான்."

தியாகலிங்கம் திரும்பி அவரைப் பார்த்தார். விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும், பையிலிருந்த நாலு பக்கத்தையும் உள்ளுக்குள்ளேயே கசக்கிப் பிடித்துக்கொண்டார்.

அகஸ்ரின் எழுந்து தொண்டையைச் செருமினார். "ஓம், எழுபத்தாறு. இல்லை, ஆறு. ஒண்டு வெறும் துண்டு."

மண்டபமே கை தட்டியது. கிறிஸ்துநாயகம் எழுந்து நின்று, "தலைவர், ஏன் பின்னுக்கு இருக்கிறியள்? முன்னுக்கு வாங்கோ! கதிரை சும்மா கிடக்கு!" என்று கத்தினார். யாரோ பிளேன்ரீக்குச் சுடுதண்ணீர் போட்டார்கள்.

அகஸ்ரின் முகத்தில் ஈயாடவில்லை. விறுவிறென்று பின்னுக்கு வந்து குனிந்து, "அண்ணை, சனம் மாறி விளங்கிப் போட்டுது. உது செல்லாது. நான் அறிவிக்கிறன், அடுத்த கிழமை திருப்பி வைப்பம்" என்றார்.

தியாகலிங்கம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதவி கையில்தான் இருக்கும். ஆனால் அந்தச் சொல்லை விளக்குவதென்றால், இந்த எழுபத்தாறு பேரிடமும் நீங்கள் என்னைத் துரத்திவிட்டீர்கள் என்று சொல்ல வேண்டும். கஞ்சி காய்ச்சிய மனுசி தன் காலால் ஆறு மாடி ஏறி இறங்கி இவரைத் துரத்தினாள் என்று சொல்ல வேண்டும். தவிர, நாலு மாதம் சனத்தை வாசலில் நிற்க வைத்தவர் அவர்தானே.

"செல்லும், அகஸ்ரின். சொல்லு என்ரைதான். எழுதினபடி நடக்கட்டும்." திறப்பை எடுத்து அகஸ்ரினின் கையில் வைத்து மூடினார். "இனி நீர் திறவும். அவைக்கு ஒண்டும் சொல்லாதையும். நான் வந்து இருக்கிறன்."

முன்னுக்குப் போய், கதிரையில் உட்காராமல் நின்றபடி, "கூப்பிட்டியள், வந்திட்டன். மண்டபத்தை இனி அகஸ்ரின் பாத்துக்கொள்ளுவார்" என்று மட்டும் சொன்னார். ரீ குடித்தார். ஒரு கரம் ஆட்டத்தில் தோற்றார். புறப்படும்போது அகஸ்ரினிடம் அந்த மனுவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அது சங்கத்தின் கோப்பில் இருக்க வேண்டிய ஆவணம். யாப்பை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான்.

ஐந்து மணிக்குப் பதினாலாம் மாடிக்கு வந்தார். வீட்டை விடும் கடிதத்தைக் கிழித்தார். மனுவை மேசையில் விரித்து, பயற்றங்காய் முறித்த பக்கமாகத் திருப்பி வைத்தார். கல்யாணம் செய்த முப்பத்தொன்பது வருடத்தில் அவர் ஒருநாளும் சொல்லாத ஒரு வசனம் இருந்தது. இப்போது அது வாய்வரைக்கும் வந்துவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை.

"கமலம், நீர் சொன்னதுதான் சரி" என்றார் அந்தக் கதிரையைப் பார்த்து. "மீள அழைக்கிறதெண்டால் வா எண்டு கூப்பிடுறதுதான்."